முன்னால் போன காலடிகள்

நான் கணிதம் படிப்பிக்கிறவள். யாராவது பேய், ஆவி என்று கதையெடுத்தால் எழும்பிப் போய்விடுவேன், அவ்வளவுக்கு எரிச்சல் வரும். அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் வீடு கொடிகாமத்துக்குக் கிட்ட. பின்காணியில் கண்ணிவெடியெல்லாம் எடுத்தாயிற்று என்று கடதாசியும் தந்துவிட்டார்கள். ஆனாலும் நான் புல்லில் கால் வைப்பதில்லை. என் கணவர் கிணற்றடிவரை சீமெந்துப் பாதை போட்டுத் தந்துவிட்டு, "ராசாத்திக்கு றோட்டுப் போட்டாச்சு" என்று பகிடி பண்ணுவார்.

எனக்கு ஒன்பது வயதில், இடம்பெயர்ந்திருந்தபோது, விட்டுவந்த அரிசி மூட்டையை எடுக்க அண்ணையோடு இந்தக் காணிக்கு வந்தேன். அவருக்குப் பதினெட்டு வயது. "நான் கால் வைச்ச இடத்திலை மட்டும் மிதி, விளங்குதோ" என்று சொல்லி முன்னால் நடந்தார். அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தார். நானும் அப்படியே மிதித்து வந்தேன். அவர் வைத்த கடைசி அடியை மட்டும் நான் மிதிக்கவில்லை. இதை என் மகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அவளுக்கும் இந்தப் பயம் ஒட்டிவிடக் கூடாது என்றுதான்.

போன மார்கழியில் ஒருநாள் காலை, மழை விட்ட கையோடு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பின்காணிக்குள் ஓடியது. மகள் ஆரணி, ஏழு வயது, அதன் பின்னால் ஓடிவிட்டாள். அங்கே பற்றைச் செடிகளுக்குள் கட்டில்லாத பாழ்ங்கிணறு ஒன்று தண்ணீர் முட்டிக் கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நான் சீமெந்து விளிம்பில் நிற்கிறேன், கால் எழும்பவில்லை. பெற்ற பிள்ளை அங்கே நிற்க நான் மரம்போல நின்றேன், அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அப்போதுதான் ஈரமண்ணில் காலடிகளைக் கண்டேன். வெறுங்கால், வளர்ந்த ஒருவரின் கால். தண்ணீர் அப்போதுதான் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், என் கால் தானாகப் போய் முதல் தடத்தில் இறங்கியது, பிறகு அடுத்ததில். அப்படியே மிதித்து மிதித்துப் போனால் ஆரணி குட்டியை அணைத்தபடி அசையாமல் நிற்கிறாள், கிணற்று விளிம்புக்கு இரண்டு சாண் இருக்கும். தடம் அவளோடு முடிந்திருந்தது.

"ஏன் பிள்ளை கூப்பிடக் கூப்பிடப் பேசாமல் நிண்டனி?"

"அந்த அண்ணா அசையாமல் நில் எண்டவர்."

"எந்த அண்ணா?"

"உங்களுக்கு முன்னாலை வந்தவர். நீங்கள் சரியா மிதிக்கிறீங்களோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தவரம்மா."

யாரோ விறகு பொறுக்க வந்திருப்பார்கள் என்கிறார் என் கணவர். பாழ்ங்கிணற்றை அந்தக் கிழமையே மூடிவிட்டார். இருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். ஒருநாள் மட்டும் மனம் கேளாமல், "அண்ணா இல்லை, மாமா எண்டு சொல்லு" என்று அவளைத் திருத்தினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமாவோ? அவர் உங்களைவிட எவ்வளவு சின்ன ஆள்!"