சுவரும் அதிர்ந்தது

"நிறுத்துங்க மச்சான், பேரிங் போச்சு!" என்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய உள்ளங்கை மோட்டாரின் மேல் இருந்தது. கை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

மனைவியின் அண்ணன்தான் கூட வேலை பார்ப்பவர்; அவர் சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. கைக்கடியில் அதிர்வு மட்டும் நிற்கவில்லை. மெக்கானிக் சுவரைத் தொட்டார். சுவரும் அதிர்ந்தது.

"சுவத்துக்கும் பேரிங் மாத்தணுமா மாப்ளே?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அவருக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. இதயம் கெட்டுவிட்டதென்று வேலையை விடத் தீர்மானித்திருந்தார். இரண்டு முறை எடுத்த ஈசிஜியில் குறை எதுவும் இல்லை. பதற்றம்தான், உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டால் அடங்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"டாக்டர் சொன்னதையும் சோதிச்சுப் பாத்துடலாம்" என்று தரையில் உட்கார்ந்தார். பாதங்களை அழுத்தி ஊன்றினார். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டார். கையைச் சுவரிலிருந்து எடுக்கவேயில்லை.

ஐந்து நிமிடத்தில் துள்ளி எழுந்தார்.

"நின்னுடுச்சு மச்சான்! சுவர் நின்னுடுச்சு!"

"மெதுவா சொல்லுங்க, கட்டடத்துக்காரன் பயந்துடுவான்."

மோட்டாரை ஓடவிட்டுக் கை வைத்தார். பேரிங்கில் ஒரு கோளாறும் இல்லை; அதிர்ந்தது அவருடைய கைதான். குழந்தையைப் போல மூன்று முறை கை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார். வேறொரு கட்டடத்தில் இரண்டு பட்டன்களை மாற்றினார். பதினொரு மணிக்கு நெஞ்சு படபடத்தது. படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பத்து நிமிடம் ஆனது. பிறகு மூன்றாவது பட்டனை மாற்றினார்.