நாப்கினைத் தொட்டுப் பார்த்தவர்

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் என் மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில், சிறுநீர் போகாத கைக்குழந்தையொன்று கிடந்தது. அதன் தகப்பன் குருநகர் மீனவர். வலையிழுத்து உள்ளங்கை காய்த்துப்போனதால், குழந்தையின் துணி நாப்கினைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார்.

மகனுக்கு இரவில் மட்டும் கட்டும் டயப்பரில் ஒன்றை நீட்டினேன்.

“வேண்டாம் தங்கச்சி. உது எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும். துணியெண்டால் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனை தெரியும்.”

மறுநாள் மத்தியானம் தொட்டவர் கையை எடுக்கவேயில்லை. பிறகு துணியை உருவித் தூக்கிப் பிடித்தார்.

“மிஸ்ஸி, ஓடி வாங்கோ! நனைஞ்சிருக்கு!”

தாதி வந்து பார்த்துச் சிரித்தாள். அவர் அதை உடனே துவைக்கக் கொண்டுபோகவில்லை. கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் மகனின் நாப்கினை மூக்கைப் பொத்திக்கொண்டு துவைக்கிறவள் நான். அன்றைக்கு நானும் அவர் நீட்டிய ஈரத்துணியை ஆசையாய்த் தொட்டுப் பார்த்தேன்.