ஏரிக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு வண்டி

தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்றுதான் பெயர். கணவர் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். அந்த வண்டிதான் தன் சக்களத்தி என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதில் பாதிதான் சிரிப்பு. தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், போன் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். மகள் பிறந்தபோது எங்கேயோ வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. சினிமாவுக்குப் போனாலோ இடைவேளைக்குப் பிறகு பக்கத்து நாற்காலி காலி.

அவர் ஓய்வு பெற்ற கையோடு இருவரும் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தார்கள். மலைகளுக்கு நடுவே ஏரி, அதில் படகு என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்கு லீவு கிடைக்காததால் மருமகன் காரில் அழைத்துப் போனார்.

பாதி வழியில் ஒரு சின்ன ஊர். தகரக் கொட்டகைக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

“மாப்பிள்ளை, நிறுத்துங்க! ஃபயர் ஸ்டேஷன்!” முன்சீட்டிலிருந்து அவர் கத்தினார்.

“ஏங்க, கடைசிப் படகு போயிடும்ங்க.”

“எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்.”

அவருடைய அஞ்சு நிமிஷம் அவளுக்குத் தெரியாததா!

உள்ளே ஒரு மீசைக்காரர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிழைப்புக்குக் குழாய் வேலை. தீ என்றால் இங்கே ஓடி வருவாராம். ஊரில் எல்லோருமே அப்படித்தானாம். மருமகன் மொழிபெயர்க்க, கணவரும் மீசைக்காரரும் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். அவள் கையில் சர்க்கரையில்லாத காப்பியைக் கொடுத்து வாசலோரம் உட்கார வைத்தார்கள். கஷாயம் தோற்றது.

திடீரென்று சங்கு ஊதியது. ரொட்டிக்கடைப் பெண் மாவுக் கையோடு ஓடி வந்தாள், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கணவர் தன்னையறியாமல் வண்டிக் கதவைப் பிடித்து ஏறப் போனார். மீசைக்காரர் அவரை மெல்ல விலக்கிவிட்டு ஏறிக்கொள்ள, வண்டி பறந்தது.

அவர் ரோட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார்.

“எங்க தீயோ, தண்ணி போதுமோ... மாப்பிள்ளை, யாருக்காவது போன் போட்டுக் கேளுங்களேன்.”

“கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் அவள்.

“எப்படி உக்கார்றது? போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல.”

“இத்தன வருஷமா நான் எப்படி உக்காந்திருந்தேன்?”

அவர் நின்று அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவளும் காத்திருந்தாள்.

“அது வேற,” என்றார். “அவங்க வந்ததும் கிளம்பிடலாம்.”

அவளுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. மருமகன் வேறு இருந்ததால் விழுங்கிக்கொண்டாள். வெயில் இறங்கியது.

“அத்தை, இனிமே போனாலும் படகு இருக்காது,” என்றார் மருமகன் தயங்கித் தயங்கி.

ஒருவழியாக வண்டி திரும்பியது. யாரோ தோட்டத்துக் குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கணவர் முகமெல்லாம் பல்லாகப் போய் ஈரக் குழாயைச் சுருட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். அவள் எழுந்துபோய்க் காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

நனைந்த சட்டையோடு வந்தவர் கண்ணாடியைத் தட்டினார்.

“நான்ல முன்னாடி...”

“பின்னாடி ஏறுங்க.”

பின்னால் ஏறிக்கொண்டார். மருமகன் பாட்டுப் போட்டுவிட்டுக் காரை நகர்த்தியதும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. “மாப்பிள்ளை, அவங்க குழாயை மாட்டுற விதமே தனி, பாத்தீங்களா...”

“மாப்பிள்ளை,” என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. “அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைங்க.”