‘ஆளுக்கு நாங்க இருக்கோம்’ என்றோம்

சில வருடங்களுக்கு முன்பு, அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலில் கும்பாபிஷேக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விலைவாசி ஏறி எல்லாரும் திண்டாடிய காலம் கொஞ்சம் தணிந்து, இனியாவது கோபுரத்தை முடிப்போம் என்று தோட்டமே இறங்கியிருந்தது. கோபுரத்துக்குச் சிலைகள் செய்ய இந்தியாவில் இருந்து ஒரு ஸ்தபதியை வரவழைத்திருந்தார் கோயில் தலைவர்.

ஸ்தபதி துறையூர்க்காரர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அவர் வாயைத் திறந்தால் பக்கத்து லயத்து வீட்டு அண்ணன் பேசுகிற மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு கொடுத்தோம். என் முறை வரும் நாளில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னா தங்கச்சி, இன்னிக்கும் உருளக்கெழங்கா?” என்பார். “ஏன், ஊருல இருந்து வரும்போது கத்தரிக்கா கட்டிக்கிட்டு வந்திருக்கலாமுல்ல?” என்று நானும் விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொழுந்து பறிக்கிற மலையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

அவருக்கு ஒரே மகள். வைகாசியில் கல்யாணம். அதற்குள் வேலையை முடித்து, சிலைகளுக்குத் தன் கையாலேயே கண் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கண்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் முடிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் காலை ஜீப் வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்து ரோட்டில் புது ஜீப் ஒன்று ஏறினால், உள்ளே இருப்பது யார் என்று யாரும் கேட்க மாட்டோம். கால்சட்டை போட்ட ஆள் ஜீப்பில் வந்தால் பெரிய ஆள்தான். முதலில் தப்பு மேளம் அடிக்க வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், மாலை போட வேண்டும். பேச்செல்லாம் அப்புறம்தான். அதோடு, கோயில் வேலையைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தலைவரும் சொல்லி வைத்திருந்தார். கேட்க வேண்டுமா? ஜீப் நின்றதுதான் தாமதம், தப்பு முழங்கியது. இறங்கிய இரண்டு பேருக்கும் நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை. ஒருவர் கூச்சத்தோடு காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். மற்றவர் சிங்களத்தில், “இந்த வேலையெல்லாம் செய்தது யார்?” என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முன்பு கண்டியில் ஒரு சிங்களக் குடும்பத்தில் வேலை பார்த்தவள் நான். சிங்களம் சரளமாக வரும். வாசிக்கத்தான் தெரியாது. அதனால் தோட்டத்துக்கே நான்தான் மொழிபெயர்ப்பு. “இந்தியாவுல இருந்து நாங்க கூட்டிக்கிட்டு வந்த ஆளுன்னு சொல்லு. ராப்பகலா வேல செய்யிறாருன்னு சொல்லு” என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நான் அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. போன வருடம் பூண்டுலோயாவிலும் ஒரு கோயிலுக்கு இவர்தான் செய்தார் என்று, யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். ஸ்தபதி சாரத்தில் இருந்து இறங்கி வந்து, சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

கேள்வி கேட்டவர் மாலையைக் கழற்றி, பூ உதிராமல் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகை மேல் வைத்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். குடிவரவு அதிகாரிகள்.

ஐயோ, என் நாக்கை அப்போதே இழுத்துக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்தபதியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார், அதில் வேலை செய்யக் கூடாது என்றார்கள். “விசா எல்லாம் எடுத்தாச்சு, கெளம்பி வாங்கன்னு தலைவர்தானே சொன்னாரு தங்கச்சி?” என்று என்னைப் பார்த்தார் அந்த மனிதர். அவருக்கு என்ன தெரியும்?

அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நடந்ததைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, “இவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் டவுனில் இருந்து ஆளைக் கூப்பிடலாம், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வக்கீலுக்கோ, கண்டியில் இருக்கும் இவருடைய நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கோ பேச வேண்டுமென்றாலும் பேசலாம்” என்றார் மூத்தவர். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தலைவர், ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற ‘மாத்தியா’வைப் போட்டுக் குறுக்கே விழுந்தார். “அதெல்லாம் எதுக்கு மாத்தியா? ஆளுக்கு நாங்க இருக்கோம்.” சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும், “ஆமா, நாங்க இருக்கோம்” என்று தலையை ஆட்டினோம். பதில் சொல்ல வேண்டிய மனிதர் நடுவில் நிற்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர் காட்டுகிற இடத்தில் கைநாட்டு வைத்தே பழகிய ஜனம் நாங்கள். கையெழுத்தைப் போட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்றுதான் மனதார நம்பினோம்.

“போட்டுருங்கண்ணே” என்று நானும் சொன்னேன். அவர் போட்டார்.

அதற்குப் பிறகுதான் அதிகாரி கேட்டார்: “நாங்கள் கூட்டி வந்த ஆள் என்றீர்களே, கூப்பிட்டது யார் என்று பெயரைச் சொல்லுங்கள். கூப்பிட்டவர் மேலும் சட்டம் பாயும்.”

தப்பு அடித்தவர்கள் மெதுவாக நழுவினார்கள். தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. “அவராத்தான் வந்தாரு. சாமிக்குச் செய்யிறேன்னு சொன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு” என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் அதைச் சிங்களத்தில் சொல்லாமல் ஸ்தபதியைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்தபதி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தமிழில் பேசியது அவருக்கு விளங்காமல் இருக்குமா? பிறகு அவரே, “ஆமா, நானாத்தான் வந்தேன். அப்படியே சொல்லிரு தங்கச்சி” என்றார். சொன்னேன். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மனம் ஆறவில்லை. மறுநாளே அட்டன் டவுனில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். கேட்டுவிட்டு அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கோயில் வேலைக்கென்று முறையாக விசா கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம், வக்கீல் வரும்வரை பேசாமல் இருந்திருக்கலாம். “கைது செய்யிறப்போ காரணத்தைச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. அது இந்த நாட்டு ஆளுக்கு மட்டுமில்லைம்மா, எந்த மனுஷனுக்கும் உள்ளது. வக்கீல், மொழிபெயர்ப்புன்னு அவங்க குடுத்த உரிமையை நீங்கதானே வேணாம்னு சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது என்றார். வேலைக்குக் கூப்பிட்டது நாங்கள்தான், விசா விஷயம் அவருக்குத் தெரியாது என்று கோயில் கமிட்டி உண்மையை எழுதிக் கொடுத்தால், மறுபடி இந்த நாட்டுக்கு வரவே முடியாதபடி தடை போடாமலாவது பார்க்கலாம், தடுப்பு முகாமில் கிடக்காமல் கல்யாணத்துக்கு முன்பே ஊருக்கு அனுப்பி வைக்கவும் கேட்டுப் பார்க்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே கோயிலில் கூட்டம் போட்டோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து வையுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு, “கள்ளத்தோணி ஒருத்தனுக்காக நாம போயி மாட்டிக்க முடியுமா?” என்றார்.

களவாகத் தோணியேறி வந்தவன். பிரஜாவுரிமை இல்லாமல், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எங்கள் தாத்தாமார் இந்த மலையில் கிடந்த காலத்தில், பஸ்ஸிலும் கடையிலும் அரசாங்கக் கந்தோரிலும் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு என் தாத்தா சந்தையில் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பியிருக்கிறார் என்று அப்பா சொல்லுவார்.

யாராவது ஒருவர் எழுந்து சத்தம் போடுவார் என்று பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. நீளமான வாய் என்று பெயர் எடுத்த நானும் எழவில்லை. தலைவர் விளக்கை அணைக்கச் சொன்னார், எல்லாரும் கலைந்து போனோம்.

ஸ்தபதியை வைகாசி கழிந்துதான் ஊருக்கு அனுப்பினார்களாம். வேறொருவர் வந்து சிலைகளுக்குக் கண் திறந்தார், கும்பாபிஷேகமும் குறைவில்லாமல் நடந்தது. அந்தச் சொல்லை எங்கள் தாத்தாமார் மேல் எறிந்தவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்தக் கோயிலுக்குள் இல்லை, இருந்தவர்கள் எல்லாம் நாங்கள்தான் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.