தாராளமாப் போட்டுக்க

என் வீட்டுக்காரர் தையற்காரர். இருபத்திரண்டு வருஷமாக அவர் டேப் பிடித்து அளவு சொல்ல, நான் நோட்டில் எழுதுகிறேன். எங்கள் கடையில் ஒரு ரகசியம் உண்டு. இடுப்பளவை உள்ளபடி சொன்னால் ஆட்களின் முகம் சுண்டிவிடும். அதனால் நாற்பது இருந்தால் முப்பத்தெட்டு என்று உரக்கச் சொல்லிவிட்டு, “தாராளமாப் போட்டுக்க” என்பார். நான் இரண்டைக் கூட்டி எழுதிக்கொள்வேன். வந்தவரும் சந்தோஷமாகப் போவார், உடுப்பும் கச்சிதமாக இருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தோம்.

அவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. உடம்பும் பருமன். எப்போதோ எடுத்த ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தார்கள். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று ரிப்போர்ட்டை பீரோவில் போட்டுப் பூட்டினோம். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னபோதெல்லாம் அண்ணி சிரிப்பார். தம்பி அளந்தால் அதே முப்பத்தெட்டுதான், நான் எங்கே பெருத்தேன் என்பார்.

கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகுதான் விழித்தோம். அந்தக் கொழுப்பிலேயே ஈரல் சுருங்கிப் போயிருந்தது. குடியின் வாடைகூடத் தெரியாத மனுஷியைக் குடிப்பாரோ என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கேட்ட வாயில் மண்ணைப் போட.

யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பார். தம்பி முன்னால் போய் நின்றார். ரத்தம் பொருந்தியது, ஆனால் அவர் ஈரலிலும் அதே கொழுப்பு. எட்டு வாரத்தில் பத்துக் கிலோ குறைத்தால் கொழுப்பு இறங்கும், இறங்கினால் எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. தினமும் நடை, இனிப்புக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் முழுக்கு.

எடை மெஷின் வாங்கலாம் என்றேன். கழுத்தில் டேப் தொங்குகிறவனுக்கு மெஷின் எதற்கு என்றார். ஞாயிறுதோறும் தன் இடுப்பைத் தானே அளந்து சொல்வார், நான் எழுதுவேன். உடனே அண்ணியிடமிருந்து போன் வரும். எண் குறையக் குறைய அந்தக் குரலுக்கு உயிர் வரும்.

முதல் இரண்டு வாரம் நிஜமாகவே இறங்கியது. அப்புறம் பசி தாங்காமல் துணிக்கட்டுக்குப் பின்னால் பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்தார். நடை தெருமுனை டீக்கடையோடு நின்றது. ஞாயிறு வந்தால் மூச்சை உள்ளே இழுத்து, டேப் சதையில் பதிகிற மாதிரி இறுக்கிப் பிடித்து எண்ணைச் சொன்னார். எனக்குக் கண் இல்லையா? தெரிந்தேதான் எழுதினேன். ஏற்கெனவே பயந்து கிடந்த மனுஷனை மேலும் குத்த மனசு வரவில்லை.

எட்டாவது வாரம் நோட்டில் நாற்பத்தாறு நாற்பத்தொன்றாகியிருந்தது. ஆஸ்பத்திரி மெஷினில் மூன்று கிலோதான் குறைந்திருந்தது. இந்த ஈரலைத் தொட முடியாது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஆறு வாரம் முயலலாம், அதுவரை அக்கா தாங்குவாரா என்பது தனக்குத் தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவி நானே அளந்தேன். நாற்பத்தைந்து. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆத்திரத்தில் பாதி என் மேல்தான்.

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நான் எடுத்து, பிஸ்கட் முதல் டேப் வரை ஒன்று விடாமல் அண்ணியிடம் சொன்னேன்.

“ஏம்மா, பழைய நோட்டெல்லாம் இருக்கா?”

“இருக்கு அண்ணி.”

“அப்ப எனக்கும் அவன் குறைச்சுத்தான் சொன்னானா?”

பழைய நோட்டுகளை இறக்கி மேஜையில் வைத்தேன்.

“நீ எழுதுனதப் படி. வருஷா வருஷம் படி.”

அண்ணிக்கு முப்பத்தெட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார் தம்பி. நான் டேப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று படித்தேன். கடைசியாக முப்பத்தெட்டு இருந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நோட்டில்.