மடக்கு நாற்காலி ஒன்று

என் அக்கா மருதேவி எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். அதற்காக, அப்பா அவள் பேரில் எழுதி வைத்த எண்பது சென்ட் நிலத்தை விற்றுக் கொடுத்தாள். அந்த நாற்காலியில் அவள் இன்னும் உட்காரவில்லை, இனிமேல் உட்காரப் போவதுமில்லை.

அது ஒரு ஜெர்மன்காரியின் நாற்காலி. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வீட்டுவண்டி ஒன்று செங்கம் ரோட்டில் போக வழியில்லாமல் நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் ஜினசேனன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஓர் இரவுக்கு வந்த வண்டி நாற்பது நாள் நின்றது. ஆசிரமத்துக்கு நடக்கிற தூரம், வாடகையும் கிடையாது, பிறகு ஏன் போகிறார்கள்?

தினமும் காலையில் அந்தப் பெண் ஹன்னா வேப்பமரத்தடியில் துணி நாற்காலியை விரித்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு புத்தகம் படிப்பாள். புருஷன் வண்டிக்குள் காப்பி போட்டு எடுத்து வருவான். அக்கா சமையலறை ஜன்னல் வழியாக நாற்பது நாளும் அதைப் பார்த்தாள்.

"அவ வூட்டுக்காரரே கொண்டாந்து கையில குடுக்கறாருடி," என்று என்னிடம் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, கல்யாண வீட்டு ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மாமா பார்த்தது வேறு. அவர்களுடைய செலவுக் கணக்கைப் பார்த்தார். இரண்டு பேருக்கு டீசல், தங்குமிடம், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து யூரோ. மாமா முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அடுத்தவன் பயணப்படி பில்லில் சிவப்பு மையால் கோடு போடுவது அவருக்குக் கை வந்த கலை. "நாப்பதுக்கு முடிச்சுக் காட்டறேன், பாரு," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஜெர்மனியில் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்குவது, ஒரு வருடம் சுற்றுவது, திரும்பும்போது அதையே விற்றுவிடுவது. விசா தொண்ணூறு நாளுக்கு மேல் தங்க விடாது என்பதால் நடுவில் துருக்கி, ஜார்ஜியா. பென்ஷன் பணம் போதவில்லை. அப்போதுதான் ஆரணிப் பக்கத்து நிலத்தின் ஞாபகம் அவருக்கு வந்தது.

நான் தலையால் அடித்துக்கொண்டேன். அக்கா கேட்கவில்லை. "நானும் அந்த மாதிரி ஒரு நாள் உக்காருவேன் இல்ல, த்ரிசலா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு லட்சம் மாமா பேரில் டெபாசிட் ஆனது.

பிறகு ஒத்திகை. வண்டியில் ஒரே அடுப்புதான் என்று வீட்டு அடுப்பில் ஒரு பர்னரைக் கம்பியால் கட்டிவிட்டார். ஒரு நாளைக்குத் தண்ணீர் இருபது லிட்டர் கேன் இரண்டுதான். அதிலேயே சமையல், பாத்திரம், துணி. பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அக்கா சமைக்கிற நேரத்தைக் குறித்தார். அவர் எதில் ஒத்திகை பார்த்தார் என்று கேட்கிறீர்களா? மேப்பில்.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பயணக் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். "எல்லாம் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு கண்ணு பாக்கணும். சத்தமா படி, தேவியும் கேக்கட்டும்," என்றார். நான்கு வருடத்தில் அந்த நோட்டு அக்காவின் காதுக்கு வருவது அதுவே முதல் தடவை.

படித்தேன். டீசல், சுங்கம், காஸ், எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. ஓட்டல் சாப்பாடு: இல்லை. சலவை: இல்லை. வண்டி சுத்தம் செய்ய: இல்லை. வெங்காயம், கிழங்கு சேர்க்காத சமணர்களான நமக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது, ஆகவே அந்தச் செலவே கிடையாது என்று பெருமையாகக் குறிப்பு வேறு. தண்ணீர் வடிகட்டும் துணி, ஆறு. மடக்கு நாற்காலி, ஒன்று.

"ஒண்ணா, ரெண்டா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணு போதும் தேவி," என்றார் மாமா. "நான் வெளிய உக்காரும்போது நீ உள்ள சமையல்ல இருப்ப. நாப்பது யூரோ மிச்சம், எடமும் மிச்சம்." கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஊர்வாரியாகச் சூரியன் மறையும் நேரம். நாங்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். அக்கா வீட்டில் ஆறு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு தம்ளர் பால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தச் சாயங்காலம் மட்டும்தான். நோட்டில் ஜூன் மாதத்துக்கு எதிரே மாமா எழுதியிருந்தார்: நார்வே வடகோடியில் சூரியன் மறைவதே இல்லை. நேரக் கட்டுப்பாடு இல்லாததால் நான்கு வேளை சாப்பிடலாம்.

"சூரியனே மறையாதுன்னா," என்றாள் அக்கா, "எனக்கு அடுப்பு எப்பங்க அணையும்?"

மாமா சிரித்தார். அவள் விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

ஏன் என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. என் கையிலிருந்து நோட்டை வாங்கினார், பென்சிலை எடுத்தார், பத்து நிமிஷம் தலை நிமிரவில்லை. அக்காவின் டிக்கெட், விசாக் கட்டணம் எல்லாம் கழித்தார். ஓட்டலையும் சலவையையும் கூட்டினார். கடைசியில் முகம் தொங்கிப்போய்ச் சொன்னார்: "நீ வரலன்னா ஒரு நாளைக்கு முப்பது யூரோ ஜாஸ்தி ஆவுது, தேவி. மூவாயிரம் ரூபா. கட்டுப்படியாவாது."

என் அக்கா செய்கிற வேலைக்கு ஒருவர் விலை போட்டது அன்றைக்குத்தான். அதையும் நஷ்டமாகப் போட்டார்.

"அப்போ முப்பத்தோரு வருஷத்துக்கு எவ்ளோ ஆவுது?" என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அதையும் போடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் பெருக்கிவிட்டேன், மூன்று கோடியே நாற்பது லட்சத்துக்குப் பக்கம். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அந்தக் கோபம் என்மேலேயே எனக்கு இன்னும் இருக்கிறது. அவர் நோட்டை மூடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"நிலத்துப் பணத்தை என் பேருக்கு மாத்திக் குடுங்க," என்றாள்.

"நடுவுல எடுத்தா வட்டி கம்மியாயிடும்," என்றார். பிறகு ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "தேவி, மணி அஞ்சாவுது."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "நீ உக்காருக்கா," என்றேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போய், கம்பி கட்டாத பர்னரைப் பற்றவைத்தாள்.