முருகன் திறந்த போத்தல்

சனம் சிரிக்குமே என்று பல வருடங்களாக இதை எழுதத் தயங்கினேன்.

2004 இலையுதிர் விடுமுறைக்கு ஒஸ்லோவிலிருந்து குடும்பமாக ஜெர்மனியின் மேர்ஸ்பூர்க் போய்த் தங்கினோம். ஏரிக்கரையில் பழைய கோட்டை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அன்று புரட்டாதிச் சனி, எனக்கு விரதம். தெருவோரம் விற்ற கலங்கலான திராட்சைச் சாறு ஒரு போத்தல் வாங்கினேன். மூடி தளர்வாக இருந்தது. சிந்திவிடும் என்று இறுக்கி, டேப்பும் சுற்றினேன். படைக்காமல் நான் எதையும் வாயில் வைப்பதில்லை. அறையில் முருகன் படத்துக்கு முன் வைத்துக் கண்ணை மூடினேன்.

"டமார்!" மூடி கூரையில் அடித்தது. வேட்டியெல்லாம் நுரை.

சத்தம் கேட்டு ஓடிவந்த, எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளியில் ஜெர்மன் படிக்கும் மகள் அவரிடம் கேட்டுச் சொன்னாள்: "அப்பா, இது புளிச்சுக்கொண்டிருக்கிற புது வைனாம். இறுக்கி மூடக் கூடாதாம்."

"முருகன் தட்டிவிட்டிட்டார். இல்லாட்டி விரதத்தோடை வெறியிலை ஆடியிருப்பியள்," என்றாள் மனைவி.

"ஓம், அவர்தான் காப்பாத்தினவர்," என்று நனைந்த படத்தைத் துடைத்துக் கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் வெளியூரில் எதை வாங்கினாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்ட பிறகே படைக்கிறேன். பயணம் போகும் அன்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.